அப்பாவின் தீப்பெட்டிப் பேரேடு: படங்களை உரித்தெடுக்கலாமா?

பெட்டிக்கடை மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். விளாத்திகுளத்தில் எங்கள் பழைய வீட்டை விற்கப் போகிறோம். போன வாரம் சாமான்களை ஒழித்தபோது பரண்மேல் ஒரு பிஸ்கட் தகர டப்பா கிடைத்தது. அப்பா கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த டப்பா. உள்ளே சிவப்புத் துணி முதுகு வைத்த நீளப் பேரேடு ஒன்று. திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் தீப்பெட்டிப் படம்.

அப்பா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. பத்து வயதிலேயே கமிஷன் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவர். எண் தெரியும், கையெழுத்துப் போடுவார், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. 1967 முதல் 1994 வரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தார். மொத்தக் கடையிலிருந்து எந்தத் தீப்பெட்டி எவ்வளவு வந்தது, எவ்வளவு ரூபாய் என்று கணக்கு வைக்க வேண்டுமே? பெயர் எழுத வராததால் வந்த சரக்கில் ஒரு பெட்டியை எடுத்து அதன் படத்தை உரித்து ஒட்டிவிட்டார். படத்துக்குப் பக்கத்தில் ஒரு குறி, அதற்குப் பக்கத்தில் தொகை. அவ்வளவுதான் கணக்கு. இந்த நோட்டை அவர் எழுதியதை நான் சின்ன வயதில் பார்த்திருப்பேன். ஆனால் நினைவில் இல்லை.

இப்போது பார்க்கப் பார்க்கக் கண் நிறைகிறது. கிளி, ரோஜா, சாவி, மாம்பழம், டிராக்டர், ரயில் என்ஜின், விமானம், மேசைமேல் வைத்த டெலிபோன். எங்கள் தெருவில் அப்போது யார் வீட்டிலும் போன் கிடையாது. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அப்படியே இருக்கின்றன. ரயில் என்ஜின் படத்தில் மட்டும் சிவப்பு ஒரு நூலளவு விலகி, என்ஜினுக்கு இரண்டு விளிம்பு தெரிகிறது. ஆட்கள் கடைக்கு வந்து பெயர் சொல்லிக் கேட்டதாக நினைவே இல்லை. "அண்ணாச்சி, ஒரு டிராக்டர் குடுங்க", "சாவிப் பெட்டி இருக்கா?" இப்படித்தான் கேட்பார்கள். விற்றவரும் வாங்கியவரும் படத்தை வைத்தே பேசிக்கொண்டார்கள்.

மூன்று விஷயம் கேட்க வேண்டும்.

முதலாவது, நிறைய வரிகளில் குறி இருக்கும் இடத்தில் "வ" என்று இருக்கிறது. உதாரணமாக டிராக்டர் படம், வ, 31-50. சில வரிகளில் வ இல்லாமல் 1 என்று இருக்கிறது. ரயில் படம், 1, 126-00. வரவு என்பதற்கு வ என்று நினைத்தேன். அப்படியானால் 1 போட்ட வரிகள் வரவு இல்லையா? அண்ணனுக்கும் புரியவில்லை.

இரண்டாவது, எங்குமே தேதி இல்லை. படங்களை வைத்துக் காலத்தைச் சொல்ல முடியுமா? முன்பாதியில் மெல்லிய தாள் லேபிள்கள். பின்பாதியில் லேபிள் இல்லை, பெட்டியின் அட்டையையே வெட்டி ஒட்டியிருக்கிறார்.

மூன்றாவது, முன்பாதியில் சில பக்கங்களில் பூச்சி விழுந்து துளை துளையாக இருக்கிறது. மற்ற பக்கங்கள் புதிது போல இருக்கின்றன. படங்களை உரித்து நல்ல ஆல்பத்தில் வைத்துவிடலாமா, அல்லது நோட்டாகவே வைத்திருக்கலாமா? இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. அப்பா கைப்பட விட்டுப்போனது வேறு எதுவும் எங்களிடம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரே ஒரு வரியில் படத்துக்குப் பதில் பச்சைக் கலர் பென்சிலில் யாரோ ஒரு கிளி வரைந்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளை கை.

---

லேபிள் பிரியன் பதில்:

அக்கா, நான் பன்னிரண்டு வருடமாகத் தீப்பெட்டி லேபிள் சேர்க்கிறேன். உரித்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தப் பகுதியைக் கால் மணி நேரம் ஊறவைத்தால் மைதா பசை விட்டுவிடும். லேபிள் தானாக மிதந்து வரும். இரண்டு மை உறிஞ்சும் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகத்தைப் பாரம் வைத்து உலர்த்துங்கள். அமிலம் இல்லாத தாளில் ஒட்டாமல் செருகி வைத்தால் பல காலம் தாங்கும். பூச்சி விழுந்த நோட்டில் விட்டுவைத்தால் நல்ல படங்களுக்கும் பரவிவிடும் என்பதுதான் என் பயம்.

ஆனால் லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். 2013-ல் என்னிடம் இருந்த அறுபது லேபிளை ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்தேன். சூட்டில் மை மங்கி, உள்ளே காற்றுக் குமிழி விழுந்து எல்லாம் போயிற்று. அவற்றில் விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியின் பழைய கப்பல் லேபிள் ஒன்றும் இருந்தது. இன்றுவரை அப்படி ஒன்று மறுபடி கிடைக்கவில்லை. செலோ டேப்பும் கூடாது. சில வருடத்தில் மஞ்சளாகி எண்ணெய்க் கறை போல ஊறிவிடும்.

---

சாத்தூர்க்காரி பதில்:

உங்கள் பதிவைப் படித்ததும் பசை வாசனை வந்துவிட்டது. நான் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டோம், தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஒன்பது வயதில் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து அடிப்பெட்டி ஒட்டினேன். பன்னிரண்டு வயதில் ஆபீஸுக்கு லேபிள் ஒட்டப் போனேன். விடிவதற்கு முன்பே வண்டி வரும், தூக்கத்திலேயே ஏறுவோம்.

பூச்சி ஏன் சில பக்கத்தை மட்டும் தின்றது என்று எனக்குத் தெரியும். ஆபீஸ் பசையில் மைதா காய்ச்சும்போதே மயில்துத்தம் போடுவார்கள். நீலமாக இருக்கும், அது விஷம், அதனால் பூச்சி அண்டாது. பிள்ளைகள் வாயில் விரல் வைத்துவிடக் கூடாது என்று அம்மா அதட்டிக்கொண்டே இருப்பாள். உங்கள் அப்பா ஆரம்பத்தில் வீட்டுச் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டியிருப்பார், அதைத்தான் ராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது. அப்புறம் யாரோ சொல்லி ஆபீஸ் பசை வாங்கியிருப்பார். நல்ல பக்கங்களில் லேபிள் ஓரத்தைப் பாருங்கள், பசை கசிந்த இடம் லேசாக நீலம் பாய்ந்திருக்கும்.

லேபிள் ஒட்டுவது லேசான வேலை மாதிரி தெரியும். பலகைமேல் பசையைத் தேய்த்து, லேபிள்களை விசிறி போலப் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிமேல் வைத்துக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கு. தலைகீழாக ஒட்டினால் கூலியில் பிடிப்பார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து ஆபீஸில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றார்கள். ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு அது பொருந்தாது என்று விட்டுவிட்டதால் வீட்டில் பெட்டி ஒட்டுவது நிற்கவில்லை. என் தங்கை அதற்குப் பிறகும் ஒட்டினாள்.

அந்தப் படங்கள் எனக்கும் பிடிக்கும். டெலிபோன் லேபிள் ஒட்டிய மாதம் முழுக்க அந்த டெலிபோனில் யாரிடமாவது பேசுவதாக நினைத்துக்கொள்வேன். ஆனால் அழகாக இருக்கிறது என்று பார்க்கும்போது அதை ஒட்டியது ஒரு பிள்ளையின் கட்டைவிரல் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள் தாயி. தண்ணீரில் போட வேண்டாம். எனக்கு மனசு கேட்கவில்லை.

---

கல்லச்சு பதில்:

அம்மா, சிவகாசியில் 38 வருடம் அச்சு வேலை பார்த்து 2002-ல் ஓய்வு பெற்றவன் நான். முதல் ஆறு வருடம் லித்தோ கல்லில், அதாவது கல்மேல் படம் வரைந்து அதிலிருந்து அச்சடிக்கும் வேலை. காலம் கேட்டீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பூதக்கண்ணாடி வாங்குங்கள். படத்தில் நிழல் விழுந்த இடத்தை, கிளியின் வயிற்றையோ மாம்பழத்தின் ஓரத்தையோ, உற்றுப் பாருங்கள். புள்ளிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, கடுகு இறைத்த மாதிரி இருந்தால் அது ஆர்ட்டிஸ்ட் கையால் வைத்த புள்ளி. லித்தோ வேலை. கோலப்புள்ளி மாதிரி ஒரே சீராக வரிசை கட்டி நின்றால் கேமராவில் ஸ்கிரீன் வைத்து எடுத்து ஆஃப்செட்டில் ஓட்டியது. என்ஜினுக்கு இரண்டு விளிம்பு என்றீர்களே, அதை நாங்கள் ரிஜிஸ்டர் விலகல் என்போம். ஒவ்வொரு கலருக்கும் ஒரு கல். மஞ்சள் ஓட்டி, காயவைத்து, அதன்மேல் சிவப்பு, அதன்மேல் நீலம். மழை நாளில் தாள் ஈரம் குடித்து நீண்டுவிடும், அடுத்த கலர் நூலளவு தள்ளி உட்காரும். முதலாளி திட்டுவார். இன்று அந்த விலகலைப் பார்த்தால் எனக்கு அந்த மழைநாளே தெரிகிறது.

முகவரியில் பின்கோடு இருக்கிறதா பாருங்கள். சிவகாசி 626123. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அது இருந்தால் லேபிள் அதற்குப் பிந்தியது என்பது உறுதி. இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, பல பேர் வெகு நாள் கழித்துத்தான் போட்டார்கள். அப்புறம் விலை. 25 காசிலிருந்து 50 காசு ஆனது 1995-ல். 2007-ல் ஒரு ரூபாய். 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய். உங்கள் அப்பா 1994-ல் கடையை மூடினார் என்றால் அந்த நோட்டில் 50 காசுப் பெட்டி இருக்கக் கூடாது. மெல்லிய லேபிள் எல்லாம் மெல்லிய மரச் சீவலில் செய்த பெட்டிக்கு ஒட்டியவை. அட்டைப்பெட்டி வந்த பிறகு அட்டையிலேயே படம் அடித்துவிட்டோம், தனி லேபிளுக்கு வேலை போயிற்று.

படத்தை வைத்தே பேசிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தொழிலே அப்படித்தான் நின்றது. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அப்போதிருந்து எழுத்துத் தெரியாத ஜனங்களுக்குத்தான் பெட்டி விற்றாக வேண்டும். அதனால் ஆர்டர் கொடுக்க வருபவர் முதலில் சொல்வது, "ஒரே உருவம் இருக்கணும், கேட்க வாய்க்கு லேசா இருக்கணும்". ஒரு படம் நன்றாக ஓடினால் அதே சாயலில் பத்து லேபிள் வரும். விம்கோவின் சீட்டா ஃபைட் (சிறுத்தைச் சண்டை) லேபிள் ஓடிய ஓட்டத்தில் மனிதன் புலியோடு சண்டை, சிங்கத்தோடு சண்டை என்று எத்தனையோ பார்த்தேன்.

உரிக்கும் பேச்சுக்கு வருகிறேன். தம்பி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், அவர் சொன்ன முறையும் சரியானதுதான், தனி லேபிளுக்கு. இந்த நோட்டுக்குக் கூடாது. பக்கத்தில் பேனா மையால் எழுதியிருந்தால் தண்ணீர் பட்டதும் கலைந்து ஓடிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. லித்தோ கல் ஜெர்மனியிலிருந்து வந்த சுண்ணாம்புக் கல், விலை அதிகம். ஒரு ஆர்டர் முடிந்ததும் மணல் போட்டுத் தேய்த்துப் படத்தை அழித்துவிட்டு அதே கல்லில் அடுத்த படம் வரைவோம். நானே எத்தனையோ கிளியைத் தேய்த்து அழித்திருக்கிறேன். கல்லும் இல்லை, தகடும் இல்லை, பெட்டி அடுப்படியில் எரிந்து போயிற்று. அந்தப் படங்கள் ஒரு கடைக்காரர் கையால் வரிசைப்படி நிற்கும் இடம் உங்கள் நோட்டு. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்ற வரிசை ஆல்பத்தில் போய்விடும்.

பூச்சிப் பக்கங்களுக்கு மட்டும் இடையில் அமிலமில்லாத தாள் வையுங்கள். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். படுக்கை வாக்கில், வெயில் படாமல் வைத்திருங்கள். தகர டப்பா வேண்டாம், நம் ஊர் வியர்வைக்குத் துருப்பிடிக்கும். எல்லாப் பக்கத்தையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

மண்டிக் கணக்கு பதில்:

சகோதரி, "வ" வரவு இல்லை. அது கால்.

தமிழ் எண்களில் பின்னத்துக்குத் தனிக் குறிகள் இருந்தன. கால் என்பதற்கு வ. ஔவையார் பாடியதாகச் சொல்லும் "எட்டேகால் லட்சணமே" தெரியுமில்லையா? எட்டுக்கு அ, காலுக்கு வ. சேர்த்தால் அவலட்சணமே. அதே வதான் இது. என் தாத்தா மண்டியில் கணக்குப்பிள்ளை. பழைய சிட்டைகளில் இந்தக் குறி பக்கத்துக்குப் பத்து இருக்கும். உங்கள் அப்பா கமிஷன் கடையில் எடுபிடியாக இருந்தபோது மூட்டைமேல் போட்டிருந்ததைப் பார்த்துப் பழகியிருப்பார்.

உங்கள் எண்களே சாட்சி சொல்கின்றன. தீப்பெட்டி ஒரு பண்டல் என்றால் 600 பெட்டி. கால் பண்டல் 150. வ போட்ட வரியில் 31-50. 1 போட்ட வரியில் 126-00. 31.50-ஐ நாலால் பெருக்குங்கள், சரியாக 126 வரும்.

இன்னும் ஒரு படி போகலாம். 31 ரூபாய் 50 காசை 150-ஆல் வகுத்தால் பெட்டிக்கு 21 காசு. 25 காசுக்கு விற்றிருப்பார். பெட்டிக்கு 4 காசு லாபம். கால் பண்டல் முழுதும் விற்றால் 6 ரூபாய் கையில் நிற்கும். அந்த 6 ரூபாய்க்காக ஒரு மனிதர் 150 தடவை கை நீட்டிக் கொடுத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று எழுதியிருந்தீர்கள். நோட்டு அப்படிச் சொல்லவில்லை. சரக்கு, அளவு, தொகை மூன்றும் ஒரு வரியில் நிற்கிறது, கூட்டினால் பிசகில்லை. என் தாத்தாவின் சிட்டையும் இதைவிடத் தெளிவாக இருந்ததில்லை.

---

பெட்டிக்கடை மகள் மீண்டும்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு நாளாக நோட்டும் கையுமாக இருக்கிறேன்.

மண்டிக் கணக்கு அண்ணா, உங்கள் பதிலைப் படித்துவிட்டுக் கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். 1 போட்ட வரிகள் நோட்டு முழுக்கவே குறைச்சல். இரண்டு மூன்று பக்கத்துக்கு வ, வ, வ என்று போய், திடீரென்று ஒரு 1 வரும். அண்ணனிடம் கேட்டேன். தீபாவளி என்றான் உடனே. வெடி கொளுத்த எல்லாரும் தீப்பெட்டி வாங்குவார்களே, அப்போது மட்டும் முழுப் பண்டல். தேதி இல்லாத நோட்டில் இப்போது தீபாவளிகளை எண்ணிக்கொண்டு போகிறேன். இதுவரை பதினொன்று எண்ணிவிட்டேன்.

கல்லச்சு அண்ணாச்சி, பக்கத்து ஸ்டாம்ப் கடையில் பூதக்கண்ணாடி வாங்கினேன். மாம்பழத்தின் ஓரத்தில் நீங்கள் சொன்ன கடுகுப் புள்ளி அப்படியே தெரிகிறது. சின்னச் சின்னதாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல். யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்து வைத்த புள்ளி. கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டேன், நீங்கள் சொன்னபடி 50 காசுப் பெட்டி ஒன்றுகூட இல்லை. சாத்தூர் அக்கா, நீலமும் இருக்கிறது. ஒரு லேபிளின் மூலையில் பசை வழிந்த இடத்தில் விரல் ரேகை பதிந்திருக்கிறது. மிகச் சின்னது. என் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன், அதைவிடவும் சின்னது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லேபிள் பிரியன் தம்பி, கோபித்துக்கொள்ளாதே, உரிக்கப் போவதில்லை. ஸ்கேன் எடுத்ததும் எல்லாப் பக்கமும் உனக்கு அனுப்புகிறேன். நீ தேடும் கப்பல் அதில் இருந்தாலும் இருக்கும்.

பச்சைக் கிளி யார் வரைந்தது என்றும் தெரிந்துவிட்டது. அண்ணன்தான் சொன்னான். ஒரு மழையில் கடைக்கூரை ஒழுகி, கிளிப் பெட்டி வந்த கட்டு முழுக்க நனைந்து போயிருக்கிறது. அட்டை ஊறிப் படம் எல்லாம் கூழாகிவிட்டது. பெட்டியைத் தட்டில் பரப்பிக் காயவைத்து விற்றாராம் அப்பா. ஆனால் நோட்டில் ஒட்ட ஒரு படம்கூடத் தேறவில்லை. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என்னிடம் நோட்டைத் தள்ளி, "இந்த இடத்துல ஒரு கிளி போடு தாயி" என்றாராம்.

மூக்கைச் சிவப்பாக்கச் சிவப்புப் பென்சில் இல்லை போல, பேனாவால் கறுப்பாகத் தீட்டியிருக்கிறேன். பக்கத்தில் அப்பா எழுதியிருக்கிறார்: வ, 31-50.